பூங்கா வருமாம், காணி உறுதி வருமா?

வருகிறதாம்! வரப்போகிறதாம்! வந்தேவிட்டதாம்!

மலைச்சரிவிலே மாபெரும் கேளிக்கைப் பூங்கா எழப்போகிறதாம். வானைத் தொடும் இராட்டினங்கள் சுழலுமாம். தேயிலைச் செடிகளுக்கு மேலே கேபிள் கார்கள் பறக்குமாம். வெளிநாட்டார் டாலர்களை மூட்டை கட்டிக்கொண்டு வந்து கொட்டுவராம். இத்தகைய பேச்சுக்கள் மலைநாட்டின் காற்றிலே அவ்வப்போது மிதந்து வருவதும், சில நாள் பரபரப்பை ஊட்டுவதும், பின்னர் பனிமூட்டம்போற் கலைந்துபோவதும் வாசகர்கள் அறிந்ததே. சொன்னவர் யாரென்று வினவினால், தமக்குச் சொன்னவரைக் கைகாட்டுவர். இடம் எதுவென்று வினவினால், ஒருவர் நானுஓயா என்பர். மற்றொருவர் ஹட்டன் என்பர். மூன்றாமவர் இரண்டுமில்லை, கந்தப்பளை என்பர். பேச்சுக்கு வாய் உண்டு, விலாசம் இல்லை!

பூங்கா வருமா, வராதா என்று சோதிடம் சொல்ல நாம் இக்கட்டுரையை எழுதவில்லை. வருவதாயின் அது யாருடைய காணியில் வரும்? அக்காணியிலே ஐந்து தலைமுறையாக உழைத்து, அங்கேயே பிறந்து, அங்கேயே புதைந்தவனின் பேரப்பிள்ளை எங்கே போவான்? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை, வதந்தியை நம்பி மகிழவும் நமக்கு உரிமையில்லை. வதந்திதானே என்று சிரித்துவிட்டுப் போகவும் நமக்கு வசதியில்லை.

2022ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலே, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அரசு அறிவித்தது. பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் இரவுபகலாக வரிசையிலே காத்துக் கிடந்தனர். அதே ஆண்டின் பிற்பகுதியிலே, அன்றைய சுற்றுலாத்துறை இராஜாங்க அமைச்சர் டயானா கமகே அம்மையார், அம்பாந்தோட்டையிலே டிஸ்னிலாண்ட் அமையப்போகிறது என்னும் செய்தியை நாட்டுக்குச் சொன்னார். முதலீடு ஆயிரம் கோடி டாலருக்கும் மேல் என்றும் பேசப்பட்டது. சோற்றுக்கு வழி கேட்ட நாட்டுக்குச் சுழல் இராட்டினம் காட்டப்பட்டது! ஆண்டுகள் உருண்டோடின. அம்பாந்தோட்டையிலே டிஸ்னிலாண்ட் எழவில்லை.

எழாத பூங்காவைப் பற்றி எதற்காக இவ்வளவு கவலை என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. எழாத பூங்காவும் ஒரு வேலையைச் செய்துவிடும்: காணியின் மீது பிறர் கண்ணைத் திருப்பிவிடும். இதனை விளக்க, உண்மையாகவே எழுந்த ஒரு பூங்காவின் கதையைக் கேளுங்கள்.

1960களின் நடுவிலே, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒர்லாண்டோ நகருக்கு அருகே, யாரோ சிலர் சதுப்பு நிலத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் வாங்கிக் குவித்தனர். வாங்கிய கம்பெனிகளின் பெயர்களோ எவரும் கேள்விப்படாதவை. வாங்குவது யார் என்று ஊரெல்லாம் ஊகம். ஒருவர் மோட்டார் வாகனக் கம்பெனி என்றார். மற்றொருவர் விண்வெளி ஆராய்ச்சிக்கு என்றார். 1965 அக்டோபரிலே உண்மை வெளிப்பட்டது. வாங்கியவர் வால்ட் டிஸ்னி! அதற்குள் ஏறத்தாழ 27,000 ஏக்கர் கைமாறிவிட்டது. சராசரியாக ஏக்கர் ஒன்றுக்கு 200 டாலரும் கொடுக்கப்படவில்லை. செய்தி வெளியான மறுகணமே சுற்றுப்புறக் காணிகளின் விலை பன்மடங்கு ஏறிற்று. முன்னரே விற்றவர்கள் கையைப் பிசைந்துகொண்டனர்; விற்காதவர்கள் செல்வராயினர். 1971 அக்டோபரிலே பூங்கா திறக்கப்பட்டது.

இக்கதையிலே நமக்குரிய பாடம் யாது? ஒர்லாண்டோ உழவன் ஏமாந்தான் என்றே வைத்துக்கொள்வோம். ஏமாறுவதற்கும் அவனிடத்தில் ஓர் உறுதிப்பத்திரம் இருந்தது. விற்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை அவனுக்கு இருந்தது. விற்றால் காசு வாங்கும் உரிமையும் இருந்தது. வதந்தி காணி உடையவனுக்கு விலையைக் கொண்டுவரும். காணி இல்லாதவனுக்கோ வெளியேறும் கட்டளையைக் கொண்டுவரும். நம் தோட்டத் தொழிலாளி இவ்விருவருள் எவன் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

1867ஆம் ஆண்டிலே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினார் என்று வரலாறு எழுதுகிறார்கள். காட்டை வெட்டியவன், கல்லை உடைத்தவன், அட்டைக்கடிக்கும் கொள்ளை நோய்க்கும் இரையானவன் பெயரை எவரும் எழுதவில்லை. 1948இலே குடியுரிமை பறிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபரிலே, சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரி அவர்களும் புதுதில்லியில் ஒப்பந்தஞ்செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மக்களைப் பங்கிட்டனர். எஞ்சியோரின் கதி பின்னர் பார்க்கப்படும் என்றனர். நாடற்றோர் சிக்கலை முடித்துவைக்கும் சட்டம் வருவதற்கு 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

குடியுரிமைக் கதை இது. காணியின் கதையோ இதனினும் கொடியது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. உழுபவனுக்கு நிலம் என்று உலகெங்கும் பேசப்பட்ட காலம் அது. ஆனால், இங்கே தோட்டத்தில் உழைத்தவனுக்கு ஒரு பிடி மண்ணும் எழுதித் தரப்படவில்லை. பிறருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்ட சில தோட்டங்களிலிருந்து அவன் துரத்தப்பட்டான். பசியோடு வீதிக்கு வந்தான். 1977இலே நுவரெலியா, மஸ்கெலியாப் பகுதியில் ஏழாயிரம் ஏக்கர் தேயிலைக் காணியைச் சுவீகரித்துப் பிறருக்கு வழங்க முயற்சி எழுந்தபோது, தொழிலாளர் திரண்டெழுந்து தடுத்தனர். அவ்வாண்டு மே மாதம் 11ஆம் நாள், தலவாக்கலை டெவன் தோட்டத்திலே பொலிசாரின் துப்பாக்கிக் குண்டுக்குச் சிவனு லட்சுமணன் என்னும் இளைஞன் பலியானான். இந்த மண்ணிலே தனக்கென்று ஒரு சாண் உறுதி இல்லாதவன், இந்த மண்ணுக்காகவே உயிரைத் தந்தான்!

1992இலே தோட்டங்களின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. பின்னர் நெடுங்காலக் குத்தகையும் எழுதப்பட்டது. ஆகவே, நாளைக்கு ஒரு பெருந்திட்டக்காரர் மலைநாட்டுக்கு வந்தால் எவரோடு பேசுவார்? நிலத்துக்குரிய அரசோடு பேசுவார். குத்தகைக்குரிய கம்பெனியோடு பேசுவார். லயன் காம்பராவிலே குடியிருப்பவனோடு பேச வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. ஏனெனில், காகிதத்திலே அவன் இல்லை. இதுதான் நம் அச்சம். இதைத்தான் தலைவர்கள் காதில் ஓதுகிறோம்.

பெருந்திட்டங்களை மலைநாடு கண்டதில்லையா? கண்டது. மவுசாகலை நீர்த்தேக்கம் எழுந்தபோது, பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள்ளே போயிற்று. வறட்சிக் காலத்திலே நீர்மட்டம் தாழும்போது, பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் இன்றும் தலைகாட்டுகின்றன. அங்கே பிறந்த மின்சாரம் கொழும்பை ஒளிரச்செய்தது. அணைக்கு மேலே மலையிலிருந்த லயன்களிலோ, அதன்பின்னும் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே மினுக்கிற்று. நாட்டுக்கு மின்சாரம் வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. நாடு ஒளிபெற ஊரைக் கொடுத்தவனுக்கு ஒரு விளக்குக்கூடவா கிடைக்கக்கூடாது?

மற்றுமொரு காட்சியைப் பாருங்கள். மேல் கொத்மலைத் திட்டம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது, தலவாக்கலை மக்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. ஆண்டுக்கணக்கிலே எதிர்த்தனர், கேட்டனர், வாதாடினர். 2012இலே 150 மெகாவாற் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. சென் கிளயர் நீர்வீழ்ச்சி பழைய வேகத்தை இழந்தது. அது மீளா இழப்பே. ஆயினும், இடம்பெயர்ந்த ஏறத்தாழ 500 குடும்பங்களுக்கு மாற்று வீடுகள் கட்டப்பட்டன. மஸ்கெலியாவுக்கும் தலவாக்கலைக்கும் இடையிலே இருக்கும் வேறுபாடு என்ன? பின்னது முன்கூட்டியே கேள்வி கேட்டது. கேட்ட அனைத்தும் கிடைத்ததா என்றால் இல்லை. கேளாதிருந்தால் கிடைத்ததும் கிடைத்திராது.

சுற்றுலா வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முன்னேற்றத்தின் பகைவர் என்று எம்மைச் சுட்டுவோர் ஏமாறுவர். கந்தப்பளை ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1996இலே ஹோட்டலாக மாறிற்று. பாழடைந்து கிடந்த கட்டிடம் வாழ்வு பெற்றது. மகிழ்ச்சியே. வெள்ளைத் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் செல்வர்கள் தங்கும் விடுதிகளாயின. அதிலும் குற்றமில்லை. ஆனால், பங்களா விடுதியாகிறது, ஸ்டோர் ஹோட்டலாகிறது. லயன் மட்டும் லயனாகவே நிற்கிறது! துரை வாழ்ந்த வீட்டுக்குப் புதுவாழ்வு உண்டு. தொழிலாளி வாழும் வீட்டுக்குப் புதுக்கூரையும் இல்லை. இது என்ன முன்னேற்றம்?

கேளிக்கைப் பூங்கா வந்தால் வேலை கிடைக்கும் என்கிறார்கள். வேலை வேண்டும் என்பதில் ஐயமில்லை. பன்னிரண்டாம் வகுப்புவரை படித்த பிள்ளை கொழும்புக் கடையிலே மூட்டை தூக்குகிறான். அவன் தங்கை ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். தாயோ மத்திய கிழக்கிலே பணிப்பெண்ணாக இருக்கிறாள். 2024 செப்டெம்பரிலே நாட்சம்பளம் 1,350 ரூபாவென்று நிர்ணயிக்கப்பட்டது. 2025 நவம்பரிலே சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்திலே, அதனை 1,550 ரூபாவாக உயர்த்தி, வருகைக்கென அரசு 200 ரூபா ஊக்கத்தொகை வழங்கும் என்று சொல்லப்பட்டது. குறித்த நிறை கொழுந்து சேராவிட்டால் அரைப்பேர்தான் என்னும் வழக்கமும் தோட்டத்தார் அறிந்ததே. இந்நிலையில் வேறு வேலை வருமென்றால் யார்தான் வேண்டாமென்பர்?

ஆனால், எந்த வேலை? வாயிற்காவல், குப்பை அள்ளல், கோப்பை கழுவல் ஆகியவற்றை நமக்கு ஒதுக்கி, மேசைக்குப் பின்னால் அமரும் வேலையெல்லாம் வெளியிலிருந்து வருவோருக்கென்றால், கங்காணி முறையின் மறுபிறவியே அது. இன்னுமொன்று சொல்லுவோம். கொழுந்து பறிக்கும் பெண்ணை நிறுத்திவைத்துப் படம்பிடித்துச் செல்வோரை இன்றே காண்கிறோம். அவள் உடையையும் கூடையையும் வாடகைக்கு வாங்கி அணிந்து, சிரித்துக்கொண்டு நிற்போரையும் காண்கிறோம். விளையாட்டாகக் கூடை சுமப்பவர் சிறிது நேரத்தில் அதனை இறக்கிவைத்துவிடுவார். அவளோ ஆயுளெல்லாம் சுமக்கிறாள். நம் வறுமை ஒரு காட்சிப்பொருளாகிவிடக்கூடாது. லயன் காம்பராவைக் கண்ணாடிக்குள் வைத்து நுழைவுச்சீட்டு விற்கும் நாள் வரக்கூடாது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோட்டக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்பது நெடுநாளாகப் பேசப்பட்டுவரும் வாக்குறுதி. ஓர் ஏக்கர் 160 பேர்ச். நூறு ஏக்கர் 16,000 பேர்ச். பாதைக்கும் பொதுத் தேவைக்கும் ஒதுக்குவதைக் கழிக்காமற் பார்த்தால், நூறு ஏக்கரிலே 2,285 குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் வீதம் வழங்கலாம். பூங்காவுக்கு நூறு ஏக்கர் காண முடியுமென்றால், மனிதனுக்கு ஏழு பேர்ச் காண முடியாதா? காணி இல்லை என்று நமக்குச் சொன்னவர்களே, முதலீட்டாளருக்குக் காணி காட்ட வரைபடத்தோடு புறப்பட்டால், அந்த வரைபடத்தை நாமும் பார்க்க விரும்புகிறோம்.

மண்ணையும் பார்க்கவேண்டும். 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயன்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு இடந்தான் இல்லை! 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயல் வந்தபோது, நுவரெலியாவும் பதுளையும் கண்டியும் மண்சரிவாற் சிதைந்தன. இத்தகைய சரிவிலே பாறையைப் பிளந்து, மரத்தை வீழ்த்தி, நீரோட்டத்தைத் திருப்பிப் பெருங்கட்டிடம் எழுப்புவோர், மேலே கட்டுவதை மட்டும் பார்த்தாற் போதாது. கீழே உறங்குவோரையும் பார்க்கவேண்டும்.

சரி, மக்களால் என்ன செய்ய முடியும் என்று மனந்தளர்வோருக்கு இரண்டு சான்றுகள் காட்டுவோம். ஒன்று கடலுக்கு அப்பால் நடந்தது. அதே டிஸ்னி நிறுவனம், 1993 நவம்பரிலே, அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் ஹேமார்க்கெற் என்னும் ஊரருகே வரலாற்றுப் பூங்கா ஒன்று அமைப்பதாக அறிவித்தது. அருகிலே உள்நாட்டுப் போர் நடந்த களம். ஊராரும் வரலாற்றறிஞரும் கேள்விமேற் கேள்வி கேட்டனர். ஓராண்டு முடியுமுன்னே, 1994 செப்டெம்பரில், நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. உலகப் பெருங்கம்பெனியும் கேள்விக்கு அஞ்சும்!

மற்றொன்று நம் நுவரெலியாவிலே நடந்தது. 1894இலே கட்டப்பட்ட நுவரெலியாத் தபால் நிலையத்தை ஹோட்டல் திட்டமொன்றுக்குக் கொடுக்கும் முயற்சியை எதிர்த்து, 2023 நவம்பரிலே தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஒரு கட்டிடத்துக்காக ஒரு தொழிற்சங்கம் எழுந்து நின்றது. பல்லாயிரம் குடும்பங்களின் குடியிருப்புக்காக நம் தொழிற்சங்கங்கள் அனைத்தும் ஒன்றாக எழுந்து நிற்கும் நாள் எந்நாள்?

ஆகவே, பெருந்திட்டம் எதுவாயினும், அதற்கு முன் நிறைவேறவேண்டியவை எவை என்பதை ஒளிவுமறைவின்றி உரைக்கிறோம்.

முதலாவது, எந்தத் தோட்டக் காணியையும் வேறு தேவைக்கு மாற்றுமுன், அத்தோட்டத்திலே வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீட்டுக்காணியும் சட்டப்படியான உறுதியும் வழங்கப்படவேண்டும். உறுதி முன்னே, ஒப்பந்தம் பின்னே.

இரண்டாவது, 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டமும் அதன் 1988ஆம் ஆண்டுத் திருத்தமும் சொல்லும் சுற்றாடல் தாக்க அறிக்கை, தோட்ட மக்கள் படித்தறியத்தக்க தமிழிலே அவர்கள் கைக்குக் கிடைக்கவேண்டும். படிக்க முடியாத அறிக்கைக்குக் கருத்துச் சொல்லுமாறு கேட்பது கேலிக்கூத்து.

மூன்றாவது, வேலை தருவோம் என்னும் வாய்ச்சொல் போதாது. எத்தனை வேலை, எத்தரத்து வேலை, எவ்வளவு சம்பளம் என்பது எழுத்திலே வரவேண்டும். அதற்குரிய பயிற்சியை, ஹட்டனில் இருக்கும் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் போன்றவற்றின் வாயிலாக, திட்டம் தொடங்குமுன்னரே நம் இளைஞருக்கு அளிக்கவேண்டும்.

நான்காவது, வருமானத்தின் ஒரு பங்கு அப்பகுதிப் பிரதேச சபைக்குச் சேரவேண்டும். தோட்டப் பகுதிகளுக்குப் பிரதேச சபைகள் தாராளமாகச் செலவுசெய்ய வழிவிட்ட சட்டத் திருத்தம் 2018இலேதான் வந்தது. அதுவரை வரிசையிலே நின்றவனுக்கு இனியாவது பாதையும் குடிநீரும் கிடைக்கட்டும்.

இவற்றையெல்லாம் கேட்பதற்குத் தலைவர்களின் தயவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையிலே இருக்கிறது. அடுத்தமுறை பூங்கா வருகிறது என்னும் பேச்சு உங்கள் தோட்டத்தை எட்டும்போது, பிரட்டுக்களத்திலே கூடிநின்று ஊகஞ்செய்யாதீர்கள். பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள்: "எங்கள் தோட்டக் காணியை மாற்றுவதற்கு விண்ணப்பம் வந்துள்ளதா? வந்திருப்பின் பிரதியைத் தருக." பதினான்கு வேலைநாட்களுக்குள் தருவதா, மறுப்பதா என்று தகவல் அலுவலர் முடிவுசொல்லவேண்டும் என்பது சட்டம். இல்லை என்று எழுத்திலே வந்தால் வதந்தி அன்றே மாயும். ஆம் என்று வந்தால் நம் வேலை அன்றே தொடங்கும்.

தலைவர்களுக்கும் ஒரு சொல். அடிக்கல் நாட்டு விழாவிலே மாலை சூடிக்கொள்வது எளிது. அந்த அடிக்கல்லுக்குக் கீழே யாருடைய வீட்டு அத்திவாரம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் தலைமை. மேடையிலே ஏறுமுன் ஒருமுறை லயன் வாசலிலே நின்று பாருங்கள்.

இராட்டினம் சுழலட்டும், வண்ண விளக்குகள் எரியட்டும், உலகத்துப் பிள்ளைகளெல்லாம் வந்து ஆடிப்பாடி மகிழட்டும். ஆனால், அந்த மலையை மலையாக்கியவனின் பிள்ளை, வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கக்கூடாது. அவன் தன் வீட்டுத் திண்ணையிலே, தன் பெயரில் எழுதிய மண்ணிலே, தலைநிமிர்ந்து அமர்ந்து பார்க்கவேண்டும்.

முதலில் உறுதி. பிறகு பூங்கா!